கண்ணைச் சிமிட்டச் சொல்லும் ஆப்... சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார்?

புது வங்கிக் கணக்கா, டீமேட் கணக்கா, மியூச்சுவல் ஃபண்டா... எதைத் தொடங்கினாலும் இப்போது ஒரு டிஜிட்டல் கேஒய்சி உண்டு. செல்ஃபி கேமரா ஆன் ஆகும். திரையில் ஒரு வட்டம் வரும். ‘முகத்தை வட்டத்துக்குள் கொண்டு வாருங்கள், கண்களைச் சிமிட்டுங்கள்’ என்று ஆப் சொல்லும். சிமிட்டினால் பச்சை டிக். பத்து விநாடி வேலை. கேமராவுக்கு முன்னால் இருப்பது போட்டோ அல்ல, உயிருள்ள ஆள்தான் என்று உறுதிசெய்ய இந்த ஏற்பாடு.

ஆசிட் வீச்சில் முகமும் கண்களும் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு அந்தப் பச்சை டிக் வராது. பிரக்யா பிரசூனுக்கு 2023-ல் அதுதான் நடந்தது. கணக்கு தொடங்க வங்கிக்குப் போனவரிடம் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். அவரால் முடியவில்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பார்வையற்ற வழக்கறிஞரான அமர் ஜெயினும் தனியாக ஒரு மனு போட்டிருந்தார். அவருடைய சிக்கல் வேறு மாதிரி. வட்டம் எங்கே இருக்கிறது, முகம் அதற்குள் வந்துவிட்டதா என்பதையெல்லாம் ஆப் திரையில் காட்டும்; வாயால் சொல்லாது.

2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு இரண்டு மனுக்களுக்கும் சேர்த்துத் தீர்ப்பு சொன்னது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. மொத்தம் 20 உத்தரவுகள். கண் சிமிட்டலுக்கு மாற்று வழி தர வேண்டும் என்பது அதில் ஒன்று. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கியும் தன் கேஒய்சி விதிகளைத் திருத்தியது. உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கும் சோதனை, சிறப்புத் தேவை உள்ளவர்களை வெளியே தள்ளிவிடக் கூடாது என்று அதில் சேர்த்தார்கள்.

சரி, இந்த ஆப்பை உருவாக்கியவர்கள் அதை டெஸ்ட் பண்ணாமலா வெளியே விட்டிருப்பார்கள்? பண்ணியிருப்பார்கள். நன்றாகக் கண் சிமிட்டத் தெரிந்தவர்களை வைத்து.

சிமிட்டலும் ஒரு இன்புட்தான்

இன்புட் என்றதும் கீபோர்டும் மவுஸும்தான் ஞாபகத்துக்கு வரும். போன் வந்த பிறகு விரல். ஆனால் ஒரு திரைக்கு மனிதர்கள் கட்டளை கொடுக்கும் வழிகள் நிறைய. குரல், பார்வை, தலையசைவு, வாயில் கவ்விய ஒரு குச்சி, சக்கர நாற்காலியின் கைப்பிடியில் பொருத்திய ஒற்றை பட்டன் எல்லாமே இன்புட்தான். ஸ்டீபன் ஹாக்கிங் தன் கடைசி ஆண்டுகளில் கணினியை இயக்கியது கன்னத்துத் தசையின் அசைவால். மூக்குக் கண்ணாடியில் பொருத்திய சென்சார் அந்த அசைவைப் பிடித்துக்கொள்ளும். அவருக்காக இன்டெல் உருவாக்கிய மென்பொருள் 2015-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது.

ஒரு ஆப்போ இணையதளமோ இந்த வழிகளில் எதைப் பயன்படுத்தினாலும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் அக்ஸசிபிலிட்டி டெஸ்டிங்கில் பாதி வேலை. (மீதிப் பாதி எழுத்தின் அளவு, நிறம், வீடியோவுக்கு சப்டைட்டில் மாதிரியான விஷயங்கள். அது தனிக் கதை.) இதற்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. டபிள்யூசிஏஜி என்பார்கள். டபிள்யூ3சி அமைப்பு முதல் பதிப்பை 1999-ல் கொண்டுவந்தது. இப்போது நடப்பில் உள்ள 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களுக்கு மட்டுமான விஷயமா இது? கையில் மாவுக்கட்டு போட்டவர், ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் டிக்கெட் போடுபவர், பார்கின்சன் வந்து விரல் நடுங்கும் அப்பா... எல்லோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள். நவம்பர் மழையில் நனைந்த கையோடு டெலிவரி ஆப்பில் ‘ஒப்படைத்தாயிற்று’ பட்டனை அழுத்தப் போராடும் இளைஞரும்தான். ஈரம் பட்டால் டச் ஸ்கிரீன் எதை விரல் என்று எடுத்துக்கொள்ளும், எதைத் தண்ணீர் என்று விடும் என்று யாருக்கும் தெரியாது.

மவுஸை ஓரமாக வையுங்கள்

டெஸ்டர்கள் முதலில் செய்வது மிக எளிது. மவுஸைக் கழற்றி வைத்துவிடுவார்கள். டேப் கீயை அழுத்தினால் அடுத்த பட்டனுக்கோ லிங்க்குக்கோ போக வேண்டும். ஷிஃப்ட்டோடு சேர்த்து அழுத்தினால் முந்தையதற்கு. என்டர் அழுத்தினால் திறக்க வேண்டும், எஸ்கேப் அழுத்தினால் மூட வேண்டும். இவ்வளவுதான். காசு செலவில்லை, சாஃப்ட்வேர் வேண்டாம். ஆனாலும் பெரிய பெரிய தளங்கள் இந்த ஒரு சோதனையிலேயே தடுக்கி விழும்.

ஏன்? இணையதளத்தில் பட்டன் மாதிரித் தெரிவதெல்லாம் பட்டன் இல்லை. ஹெச்டிஎம்எல்லில் பட்டனுக்கென்றே ஒரு டேக் இருக்கிறது. அதைப் போட்டால் கீபோர்டு, ஸ்கிரீன் ரீடர், குரல் கட்டளை எல்லாம் தானாகவே புரிந்துகொள்ளும். ஆனால் பல டெவலப்பர்கள் ‘டிவ்’ என்ற வெறும் பெட்டியை எடுத்து, வண்ணம் பூசி, ஓரம் வளைத்து, ‘க்ளிக் பண்ணினால் இது நடக்கட்டும்’ என்று எழுதிவிடுகிறார்கள். மவுஸில் க்ளிக் பண்ணினால் அருமையாக வேலை செய்யும். பிரவுசரைப் பொறுத்தவரை அது வெறும் பெட்டி. டேப் அதைத் தாண்டிப் போய்விடும். ‘பணம் செலுத்து’ என்ற எழுத்து கண்ணுக்கு முன்னால் இருக்கும். அங்கே போகத்தான் வழி இருக்காது. ஒரு படிவத்தை முழுக்க நிரப்பிவிட்டுக் கடைசி படியில் மாட்டிக்கொள்பவரின் எரிச்சலை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது, நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாத பிரச்னை. டேப் அழுத்தும்போது எந்த பட்டனில் இருக்கிறோமோ அதைச் சுற்றி ஒரு கோடு வர வேண்டும். ஃபோகஸ் என்பார்கள். பிரவுசர் இதைத் தானாகவே காட்டும். ஆனால் ‘டிசைன் அசிங்கமா இருக்கு’ என்று ஒரே வரி சிஎஸ்எஸ் எழுதி அந்தக் கோட்டை நீக்கிவிடுவது பல ஆண்டுகளாக நடக்கிறது. மவுஸ் பிடிப்பவருக்கு அம்புக்குறியையே மறைத்துவிட்டால் எப்படி இருக்கும்? அதே கதிதான். இன்னும் சில தளங்களில் கோடு இருக்கும். ஆனால் திரையின் மேலேயோ கீழேயோ ஒட்டிக்கொண்டிருக்கும் குக்கீ அறிவிப்புக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். 2.2 பதிப்பில் இதற்கென்றே ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள்.

பொறி என்று ஒன்று உண்டு. பாப்-அப் விளம்பரம் திறக்கும். உள்ளே போன ஃபோகஸ் வெளியே வராது. டேப் எத்தனை முறை அழுத்தினாலும் அதற்குள்ளேயே சுற்றும். பக்கத்தை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. இதற்கு நேர்மாறான சிக்கலும் இருக்கிறது. பாப்-அப்பை மூடியதும் ஃபோகஸ் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பக்கத்தின் உச்சிக்கே போய்விடும். படிவத்தின் 14-வது கட்டத்தில் இருந்தவர் மறுபடி முதலில் இருந்து டேப் அழுத்திக்கொண்டு வர வேண்டும்.

பிறந்த தேதி கேட்கும் காலண்டரைப் பற்றி தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம். மாதம் மாதமாகப் பின்னோக்கிப் போகும் அம்புக்குறி மட்டும் இருந்தால், 35 வயதுக்காரர் 420 முறை அழுத்த வேண்டும். மவுஸிலேயே கை வலிக்கும். தேதியை நேரடியாக டைப் செய்ய ஒரு கட்டம் கொடுத்திருந்தால் எட்டு எண்களில் முடிந்திருக்கும்.

விரல் தொட்டால் போதுமா?

போன் ஆப்புக்கு வருவோம். இங்கே முதல் கேள்வி பட்டனின் அளவு. டபிள்யூசிஏஜி 2.2 கேட்பது குறைந்தபட்சம் 24-க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல். பக்கத்து பட்டனிலிருந்து போதிய இடைவெளி இருந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இதுவே குறைவு என்று சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு கூகுள் பரிந்துரைப்பது 48 டிபி, அதாவது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். விளம்பரத்தை மூடும் அந்தக் குட்டிப் பெருக்கல் குறியை நினைத்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் சின்னதாகப் போனதா, தெரிந்தே சின்னதாக வைத்ததா என்பது வாசகர் ஊகத்துக்கு!

அடுத்து, தொட்டதும் வேலை நடக்கிறதா, விரலை எடுத்ததும் நடக்கிறதா? எடுத்ததும்தான் நடக்க வேண்டும். நடுங்கும் விரல் தப்பான பட்டனில் பட்டுவிட்டால், எடுக்காமல் அப்படியே ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டு போய் விட்டுவிடலாம். ஒன்றும் நடக்காது. பணம் அனுப்பும் ஆப்பில் இந்தச் சின்ன வித்தியாசம் ஆயிரக்கணக்கான ரூபாய்.

இழுத்து விடும் வேலைகள் இன்னொரு தலைவலி. வலதுபக்கம் இழுத்தால் பணம் போகும் என்று சில ஆப்கள் வைத்திருக்கின்றன. தவறுதலாகப் பட்டுவிடாமல் இருக்க என்று காரணம் சொல்வார்கள், நியாயம்தான். ஆனால் விரலை அழுத்திப் பிடித்தபடி நேர்கோட்டில் நகர்த்துவது எல்லோராலும் முடியாது. 2.2 பதிப்பு இங்கே தெளிவாகச் சொல்கிறது: இழுக்காமல், வெறும் தொடுதலிலேயே அதே வேலையை முடிக்க ஒரு வழி இருக்க வேண்டும். இரண்டு விரலால் பெரிதாக்கும் மேப்பில் கூட்டல், கழித்தல் பட்டன்களும் இருக்க வேண்டும் என்பதும், போனைக் குலுக்கினால் ‘அன்டூ’ ஆகும் என்றால் அதற்கு ஒரு பட்டனும் வேண்டும் என்பதும் 2018-லேயே, 2.1 பதிப்பிலேயே வந்துவிட்டது. போனை சக்கர நாற்காலியில் கிளாம்ப் போட்டு மாட்டியிருப்பவர் எதைக் குலுக்குவார்?

டாக்பேக் போட்டால் அது வேறு போன்

ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர்கள். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ. இவற்றைப் பலரும் ‘வாசித்துக் காட்டும் வசதி’ என்றே நினைக்கிறார்கள். உண்மையில் இவை இன்புட்டையே மாற்றிவிடும். டெஸ்ட் செய்கிறவர் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

டாக்பேக் ஆன் ஆனதும் ஒரு தடவை தொட்டால் பட்டன் வேலை செய்யாது; அதன் பெயரைச் சொல்லும். வேலை நடக்க இரண்டு தடவை தட்ட வேண்டும். ஒரு விரலால் வலதுபக்கம் தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போகும், இடதுபக்கம் தள்ளினால் முந்தையதற்கு. திரையை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். இப்போது அந்த ‘இழுத்தால் பணம் போகும்’ பட்டனை நினைத்துப் பாருங்கள். இழுப்பது டாக்பேக்குக்குப் போகும் கட்டளை ஆகிவிட்டது. ஆப்புக்குப் போய்ச் சேரவே சேராது. பணம் அங்கேயே நிற்கும்.

பட்டனுக்குப் பெயர் வைக்காமல் வெறும் படத்தை மட்டும் போட்டிருந்தால் டாக்பேக் ‘பட்டன்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். ஒரே திரையில் அப்படி ஆறு பட்டன் இருந்தால் ‘பட்டன், பட்டன், பட்டன்...’ என்று ஆறு முறை கேட்கும். எது அனுப்பு, எது அழி? டெவலப்பர் ஒரு சொல் எழுதியிருந்தால் முடிந்திருக்கும் வேலை.

தப்பான எண் போட்டால் கட்டத்தைச் சிவப்பாக்கும் ஆப்கள் உண்டு. பார்க்கிறவருக்குப் புரியும். கேட்கிறவருக்கு? பிழை வந்ததை ஸ்கிரீன் ரீடருக்கும் அறிவிக்க வேண்டும். நேரக் கெடுவும் அப்படித்தான். கண்ணால் ஒரு பார்வை பார்த்து முடிக்கிற திரையை, ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கடக்க நிறைய நேரம் பிடிக்கும். அதற்குள் ஓடிபி காலாவதி, செஷன் முடிந்தது, மறுபடி லாகின். பாஸ்வேர்டு கட்டத்தில் பேஸ்ட் செய்ய விடாமல் தடுப்பது பாதுகாப்பு என்று இன்னமும் சில தளங்கள் நம்புகின்றன. நினைவில் வைத்துத் தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழியே இல்லாத லாகின் கூடாது என்பது 2.2-ன் புதிய விதிகளில் ஒன்று.

ஒரே ஒரு பட்டன்

கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவருக்கு ஒரே ஒரு ஸ்விட்ச் போதும், போனை முழுக்க இயக்கலாம். ஆண்ட்ராய்டில் இதற்கு ஸ்விட்ச் அக்சஸ், ஐபோனில் ஸ்விட்ச் கன்ட்ரோல். திரையில் உள்ளவற்றின் மீது ஒரு கட்டம் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய இடத்துக்கு வரும்போது ஸ்விட்ச்சை அழுத்த வேண்டும். தலையால், முழங்கையால், எதனாலும்.

இதை ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கல் புரியும். கட்டம் ஒரு பொருளில் ஒரு விநாடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு செய்தித் தளத்தின் மேலே மெனு, பிரிவுகள், டிரெண்டிங், ஷேர் பட்டன்கள் என்று 60 லிங்க் இருந்தால், செய்தியின் முதல் வரிக்கு வரவே ஒரு நிமிடம். தவறவிட்டால் சுற்று முடிந்து மறுபடி வர வேண்டும். பக்கங்களின் தொடக்கத்தில் ‘முக்கிய உள்ளடக்கத்துக்குச் செல்’ என்று மறைந்திருக்கும் ஒரு லிங்க் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அந்த 60 விநாடியை ஒரு விநாடி ஆக்கத்தான். (ஊடகத் தளங்களும் இதில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நிலையில் இல்லை.)

வாயால் சொல்வதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாய்ஸ் அக்சஸ், வாய்ஸ் கன்ட்ரோல் பயன்படுத்துபவர் திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் சொல்வார். ‘அனுப்பு’ என்று பட்டனில் இருக்கும். உள்ளே கோடில் அதன் பெயர் ‘சப்மிட் பட்டன் 2’ என்று இருக்கும். அவர் ‘அனுப்பு’ என்று எத்தனை முறை கத்தினாலும் போன் சும்மா இருக்கும். கண்ணுக்குத் தெரியும் சொல், உள்ளே உள்ள பெயரிலும் இருந்தாக வேண்டும். ஆப்பை ஆங்கிலத்தில் செய்து முடித்துவிட்டு, மேலே தெரியும் எழுத்தை மட்டும் தமிழாக்கும் இடங்களில் இந்தத் தவறு சுலபமாக நுழையும். உள்ளே உள்ள பெயர்களை மொழிபெயர்க்க யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கீபோர்டோ டச்சோ இல்லாத வழியிலும் சேவை தர முடியும் என்பதற்கு உள்ளூர் உதாரணமே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்த யுபிஐ 123பே. சாதாரண பட்டன் போனில், அழைப்பில் வரும் குரலைக் கேட்டு எண்களை அழுத்தியே பணம் அனுப்பலாம். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காகக் கொண்டுவந்தது, திரையைப் பார்க்க முடியாதவருக்கும் உதவுகிற வடிவத்தில்தான் இருக்கிறது.

டூல் ஓட்டினால் முடிந்ததா?

‘ஆக்ஸ்’, ‘வேவ்’, குரோமுக்குள்ளேயே இருக்கும் ‘லைட்ஹவுஸ்’, ஆண்ட்ராய்டுக்கு கூகுளின் ‘அக்ஸசிபிலிட்டி ஸ்கேனர்’ என்று தானியங்கிக் கருவிகள் நிறைய. ஓட்டினால் சில விநாடிகளில் மதிப்பெண் வந்துவிடும். நூற்றுக்கு நூறு எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை லிங்க்டுஇன்னில் போடுகிறவர்களும் உண்டு.

கருவிகள் தேவைதான். வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களைக் கருவியால் சோதிக்கிறது. 2025-ல் 94.8 சதவீதப் பக்கங்களில் ஏதாவது ஒரு விதிமீறல் சிக்கியது. இது கருவியால் பிடிக்க முடிந்தது மட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் பிரிவு 2017-ல் ஒரு வேடிக்கையான வேலை செய்தது. வேண்டுமென்றே 142 தடைகளை வைத்து ஒரு மோசமான பக்கத்தை உருவாக்கி, பல கருவிகளை அதன் மீது ஓட்டியது. முதலிடம் பிடித்த கருவிகூட பாதித் தடைகளைக் கண்டுபிடிக்கவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பட்டனுக்குப் பெயர் இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அந்தப் பெயர் சரியா என்று அதற்குத் தெரியாது. ‘அழி’ பட்டனுக்கு ‘அனுப்பு’ என்று பெயர் வைத்திருந்தாலும் முழு மதிப்பெண் கொடுத்துவிடும். டேப் வரிசை தர்க்கமாக இருக்கிறதா, பாப்-அப் மூடியதும் ஃபோகஸ் எங்கே போனது, ஒற்றை ஸ்விட்ச்சில் இந்தப் படிவத்தை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்... இதையெல்லாம் ஆள் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதும் முக்கியம். பார்வையுள்ள டெஸ்டர் டாக்பேக்கைப் போட்டுவிட்டு திரையையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார். தினமும் அதிலேயே வாழ்கிறவர் கண்டுபிடிப்பது வேறு. பிரக்யா பிரசூன் வழக்கின் உத்தரவுகளில் இதுவும் இருக்கிறது: சான்றிதழ் பெற்ற நிபுணர்களை வைத்துக் குறிப்பிட்ட கால இடைவெளியில் தணிக்கை நடத்த வேண்டும், புது ஆப்போ புது வசதியோ வெளியிடும் முன் பார்வையற்றவர்களைச் சோதனையில் சேர்க்க வேண்டும்.

தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல்

தமிழ்ப் பக்கங்களில் மேலே சொன்ன அத்தனையும் சரியாக இருந்தும் ஸ்கிரீன் ரீடர் உளறலாம். பழைய எழுத்துருக்கள்தான் காரணம். வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த ஆவணம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. ஸ்கிரீன் ரீடர் அந்தக் குப்பையை அப்படியே எழுத்துக் கூட்டிப் படிக்கும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய சுற்றறிக்கைகளும் படிவங்களும் அப்படியே பிடிஎஃப்பாக இணையத்தில் கிடக்கின்றன. ஸ்கேன் செய்து போட்ட பிடிஎஃப் என்றால் உளறல்கூட இருக்காது, மௌனம்தான்.

யூனிகோடிலேயே இருந்தாலும், பக்கத்தின் மொழி தமிழ் என்று கோடில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பக்கத்தை ஆங்கிலம் என்று குறித்துவிட்டு உள்ளே தமிழ் எழுதினால், ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று தோற்கும், அல்லது தாவிப் போய்விடும். இரண்டு எழுத்து சேர்த்தால் தீர்கிற விஷயம் இது. தமிழில் குரலால் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. கீ அழுத்தப்படுவதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் தேடல் பெட்டிகளுக்கு, மொத்தச் சொல்லாக ஒரே தடவையில் வந்து விழும் குரல் இன்புட் புரியாது. பெட்டியில் எழுத்து இருக்கும், பட்டன் மட்டும் ‘இன்னும் எதுவும் எழுதவில்லை’ என்று சாம்பல் நிறத்திலேயே நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. தகவல் தொழில்நுட்பச் சேவைகளும் அணுகும்படி இருக்க வேண்டும் என்று அது அப்போதே சொன்னது. அரசு மட்டுமல்ல, தனியார் சேவை நிறுவனங்களும் இதில் அடக்கம். மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த முறை 50,000-லிருந்து ஐந்து லட்சம் வரை. ஒரு பெரிய வங்கிக்கு அந்த முதல் அபராதம் எவ்வளவு வலிக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2017-ல் வந்த விதிகளில் 15-வது விதி, இருக்கும் தரநிலைகளைப் பட்டியல் போட்டது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பரிந்துரை அளவிலேயே நின்றன. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதைப் பிடித்துக்கொண்டது. கட்டாயம் என்று சட்டம் சொல்வதைப் பரிந்துரை ஆக்க விதிகளுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி, கட்டாயத் தரநிலைகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. டிஜிட்டல் சேவைகளுக்கு ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலையும் இருக்கிறது. பங்குச் சந்தை நிறுவனங்களுக்கு செபி 2025 ஜூலை 31 அன்று தனிச் சுற்றறிக்கையே அனுப்பியது.

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தேதியும் தெரிந்திருக்கும்: 2025 ஜூன் 28. ஐரோப்பிய ஒன்றியத்தின் அக்ஸசிபிலிட்டி சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். அங்கே விற்கும் வங்கிச் சேவை, இ-காமர்ஸ், இ-புத்தகம் எல்லாம் இதற்குள் வரும். அந்தச் சேவைகளின் கோடை எழுதும், சோதிக்கும் வேலை ஓஎம்ஆரிலும் கோவையிலும் நடப்பதால், இங்கிருக்கும் டீம்களின் வேலைப் பட்டியலிலும் அது ஏறிவிட்டது. ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு மவுஸ் இல்லாமல் வேலை செய்யும் பட்டன் எழுதத் தெரிந்தவர்களுக்கு, உள்ளூர் ஆப்புக்கு எழுதவும் தெரியும். கேட்கிற ஆள்தான் வேண்டும்.

நீங்களே பார்க்கலாம்

டெஸ்டராக இருக்க வேண்டியதில்லை. தினமும் பயன்படுத்தும் ஒரு தளத்தை லேப்டாப்பில் திறந்து, மவுஸையும் டச்பேடையும் தொடாமல் ஒரு டிக்கெட் போடவோ ஒரு பில் கட்டவோ முயன்று பாருங்கள். எங்கே நின்றுபோனீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

போனில் டாக்பேக்கைப் போடும் முன் ஒரு எச்சரிக்கை. எப்படி அணைப்பது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். போட்டுவிட்டு அணைக்கத் தெரியாமல் சர்வீஸ் சென்டர் வரை போனவர்கள் உண்டு. செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி பகுதியில், வால்யூம் கீ இரண்டையும் மூன்று விநாடி சேர்த்து அழுத்தினால் டாக்பேக் ஆன், ஆஃப் ஆகும்படி ஷார்ட்கட் வைத்துக்கொள்ளலாம். பிறகு திரையைப் பார்க்காமல், போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, உங்கள் ஆப்பில் இருப்புத் தொகையை மட்டும் தெரிந்துகொள்ளப் பாருங்கள்.

சிக்கலைக் கண்டுபிடித்தால் ஆப் ஸ்டோரில் ஒரு ஸ்டார் கொடுத்து ‘வேஸ்ட் ஆப்’ என்று எழுதுவதால் எதுவும் மாறாது. நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதலாம். பதில் இல்லையென்றால், பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள் மாநில ஆணையரிடமும், டெல்லியில் உள்ள தலைமை ஆணையரிடமும் முறையிட வழி இருக்கிறது. எங்கே எழுதினாலும் டெவலப்பர் மேஜைக்குப் போனதும் புரிகிற மாதிரி எழுதுவது நல்லது. எந்த போன், எந்த இன்புட், எந்தத் திரை, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. இப்படி:

‘ஆண்ட்ராய்டு போன், டாக்பேக் ஆன். பணம் அனுப்பும் திரையில் தொகையைப் போட்ட பிறகு வலதுபக்கம் தள்ளினால் ‘தொடர்க’ பட்டனுக்குப் போக வேண்டும். அதைத் தாண்டி நேராகக் கீழே உள்ள விளம்பரத்துக்குப் போகிறது. மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் விளம்பரம்தான்.’